சாகிறவரிடம் சொல்லாமல்

1965ஆம் ஆண்டு சிகாகோவில் இறையியல் படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்கள் ஒரு மனநல மருத்துவரைத் தேடி வந்தார்கள். மனித வாழ்வின் பெரும் நெருக்கடி ஒன்றைப் பற்றி அவர்கள் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்ட பொருள் சாவு. அந்த மருத்துவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் கூப்ளர்-ராஸ். சாவைப் பற்றித் தெரிந்துகொள்ளச் சாகப்போகிறவரிடம்தானே கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பல்கலைக்கழக மருத்துவமனையில் வார்டு வார்டாகப் போய், பிழைக்க வழியில்லாத நோயாளிகளோடு பேச அனுமதி கேட்டார். அவர் ரொம்பப் பலவீனமாக இருக்கிறார், இவருக்குப் பேச விருப்பமில்லை, அப்படி யாரும் எங்கள் வார்டில் இல்லை என்று பதில்கள் வந்தன. அத்தனை பெரிய மருத்துவமனையில் சாகப்போகிறவர் ஒருவர்கூட இல்லை!

ஒருவழியாக அனுமதி கிடைத்துப் பேசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. மறுத்த நோயாளிகள் மிகச் சிலரே. பெரும்பாலானவர்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள். இதைக் கேட்க ஒருவர் வர மாட்டாரா என்று காத்திருந்தவர்கள் போலப் பேசினார்கள். அந்த உரையாடல்கள் 1969இல் நூலாக வந்து உலகமெங்கும் படிக்கப்பட்டன. சாகப்போகிறவரின் மனம் ஐந்து படிகளைக் கடக்கிறது என்று அந்நூல் சொன்னதைப் பலரும் பின்னர் கேள்வி கேட்டார்கள்; கேட்டதும் நியாயம். எனக்கு முக்கியமாகப்படுவது அந்தப் படிகள் அல்ல, வார்டு வாசலில் நடந்ததுதான். பேச அஞ்சியவர்கள் சாகிறவர்கள் அல்லர், சுற்றி நின்றவர்கள்.

நவீன சமூகம் சாவைப் பற்றிப் பேசுவதில்லை என்பார்கள். அது முழு உண்மை அல்ல. நாளிதழ்களில் பக்கம் பக்கமாகச் சாவு வருகிறது. தொலைக்காட்சியில் விபத்தும் கொலையும் ஓயாமல் ஓடுகின்றன. ஊர்ச் சுவரெங்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. யாக்கை நிலையாமை பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்ற நம்மில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பேச்சு நின்றுபோயிருப்பது ஓரிடத்தில்தான்: இன்னும் சில மாதங்களோ வாரங்களோ மட்டுமே உள்ளவரின் கட்டிலருகே.

இந்த மௌனம் எப்போது வந்தது என்று தேடியவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியேஸ். உயில்கள், கல்லறைகள், ஓவியங்கள், காவியங்கள் என்று மேற்கு ஐரோப்பாவின் ஆயிரம் ஆண்டுகளைத் துழாவி 1970களில் அவர் எழுதியவை இன்றும் படிக்கத் தக்கவை. இடைக்கால ஐரோப்பாவில் ஒருவர் தன் சாவுக்குத் தானே தலைமை ஏற்றார் என்கிறார் ஆரியேஸ். நேரம் நெருங்கியது என்று அவருக்குச் சொல்வது நண்பர் அல்லது பாதிரியாரின் கடமை. அறைக் கதவு திறந்திருக்கும். நற்கருணையோடு பாதிரியார் வீதியில் வந்தால் வழிப்போக்கர்களும் பின்னாலேயே உள்ளே நுழைவார்கள். பிள்ளைகளை யாரும் வெளியே அனுப்பவில்லை. அன்றைய கிறிஸ்தவர்கள் திடீர்ச் சாவிலிருந்து எங்களைக் காப்பாற்று என்று இறைவனை வேண்டினார்கள். ஆயத்தம் செய்ய, மன்னிப்புக் கேட்க, விடைபெற அவகாசம் இல்லாத சாவே அவர்களுக்குக் கொடிய சாவு. நாமோ தூக்கத்திலேயே போய்விட வேண்டும் என்று வேண்டுகிறோம். அப்படிப் போனவரைக் கொடுத்துவைத்தவர் என்கிறோம்.

பிறகு சாவு மெல்ல மெல்லக் கண்ணுக்கு மறைந்தது. பாரிஸ் நகரின் நடுவில், சந்தைக்குப் பக்கத்தில், நூற்றாண்டுகளாகப் பிணங்கள் புதைக்கப்பட்ட இன்னொசான் இடுகாடு 1780இல் மூடப்பட்டது. எலும்புகளை இரவு நேரங்களில் வண்டி வண்டியாக எடுத்துப்போய் நிலத்தடிச் சுரங்கங்களில் அடுக்கினார்கள். சுகாதாரம்தான் காரணம், நல்ல காரணமும்கூட. ஆனால் அதன்பின் சந்தைக்குப் போகிறவர் கண்ணில் இறந்தவர்கள் படவில்லை.

இங்கிலாந்தில் திருப்பம் இன்னும் வேகமாக வந்தது. 1861இல் கணவரை இழந்த விக்டோரியா அரசி, 1901இல் இறக்கும்வரை கறுப்புடையைக் களையவில்லை. அரசியே அப்படி என்றால் குடிகளைக் கேட்க வேண்டியதில்லை. துக்க உடைக்கும் அதன் கால அளவுக்கும் நுணுக்கமான விதிகள் இருந்தன. மானிடவியலாளர் ஜெஃப்ரி கோரரின் தந்தை 1915இல் லூசிடானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது இறந்தார். துக்க உடையில் தாய் நடந்துபோனால் முன்பின் தெரியாத ஆண்கள்கூடத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ததைச் சிறுவனாக இருந்த கோரர் பார்த்தார். முதல் உலகப் போர் நீள நீள விதவைகள் பெருகினார்கள். தெருவுக்குத் தெரு துக்கம் என்றானபோது யாரும் யாருக்கும் தொப்பியைக் கழற்றவில்லை. வீரர்களின் உடல்களும் நாடு திரும்பவில்லை. புதைக்க உடலில்லாத வீடுகளில் சடங்குகள் பொருளிழந்தன. அழாமல் தாங்கிக்கொள்வதே நாட்டுப்பற்று என்றாயிற்று.

அதே கோரர் 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். முன்பு பாலுறவைப் பிள்ளைகளிடம் மறைத்தோம், இப்போது அந்த இடத்துக்குச் சாவு வந்துவிட்டது என்பது அதன் சாரம். ஆறு ஆண்டுகளில் அந்த மௌனம் அவர் வீட்டுக்கே வந்தது. தம்பி பீட்டர் கோரருக்கு நுரையீரல் புற்றுநோய். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அடித்தளமான திசுப் பொருத்த ஆய்வுகளைத் தொடங்கிவைத்த மருத்துவ விஞ்ஞானி அவர். அப்பேர்ப்பட்டவரிடமும் அவர் சாகப்போகிறார் என்பதைச் சொல்லாமலே வைத்திருந்தார்கள். தம்பியின் மறைவுக்குப் பின், துக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லி ஜெஃப்ரி விருந்தழைப்புகளை மறுத்தபோது, அழைத்தவர்கள் ஏதோ கூடாத சொல்லைக் கேட்டதுபோல் நெளிந்தார்களாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பழங்காலத்தில் சாவு இனிமையாக இருந்தது என்று முடிவுகட்டிவிடலாம். ஆரியேஸே அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தவர்தான். சமூகவியலாளர் நோர்பர்ட் எலியாஸ் 1982இல் இதற்குக் கடுமையாக மறுப்பு எழுதினார். காவியங்களில் வரும் பிரபுக்களின் சாவை வைத்துச் சாதாரண மனிதரின் சாவை அளக்காதீர்கள். வலி தீர்க்க மருந்தில்லாத, நரக பயத்தில் நடுங்கிய காலம் அது என்றார். எனக்கு எலியாஸ் சொல்வதே சரியாகப் படுகிறது. ஆனால் இன்று சாகிறவர் தனித்துவிடப்படுகிறார் என்பதில் அவருக்கும் ஆரியேஸுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

நம் வரலாறு இதே தடத்தில் போகவில்லை. தமிழ் அளவுக்குச் சாவை நேருக்குநேர் பார்த்துப் பாடிய மொழிகள் குறைவு என்றே நினைக்கிறேன். தலைவனை இழந்தோர் புலம்பலுக்குக் கையறுநிலை என்று தனித்துறை வகுத்தது நம் புறத்திணை. பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டின் சாப்பறையையும் இன்னொரு வீட்டின் மணமுழவையும் அருகருகே வைத்துக் கேட்டார். தாழி வனையும் குயவரைப் பார்த்தே பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உண்டு. அந்தத் தாழிகளை ஆதிச்சநல்லூரில் இன்றும் பார்க்கலாம். மாங்குடி மருதனார், போர்வெறியில் இருந்த பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துச்சொல்ல 782 அடிகளில் மதுரைக்காஞ்சி பாடினார். பத்துப்பாட்டில் மிக நீண்ட பாட்டு அதுவே. காரைக்கால் அம்மையார் தம் இறைவனைக் கண்டது திருவாலங்காட்டுச் சுடுகாட்டில். மணிமேகலை, புகாரின் சுடுகாட்டுக் கோட்டத்தைக் காட்டும்போது எரிப்பது, வெளியில் இட்டுவிடுவது, குழிதோண்டிப் புதைப்பது, தாழ்வான இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து முறைகளையும் கூசாமல் வரிசைப்படுத்துகிறது.

ஏட்டில் மட்டும் இருந்ததல்ல இது. சென்ற தலைமுறைக் கிழவிகள் தங்கள் காரியத்துக்கென்று சுருக்குப்பையில் பணம் சேர்த்தார்கள். எந்தச் சேலையைக் கட்ட வேண்டும், யாரிடம் வாங்கிய கடன் பாக்கி, எந்த மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் காதுபடவே சொன்னார்கள். யாரும் வாயைப் பொத்தவில்லை. துட்டி வீட்டில் ஒப்பாரி வைத்த பெண்கள் இறந்தவரைப் புகழ்ந்தார்கள், ஏசினார்கள், சொத்தில் செய்த அநியாயத்தைக்கூட ஊர் கேட்கச் சொல்லி அழுதார்கள். நிறைவயதில் போனால் கல்யாணச் சாவு என்று ஆட்டமும் வேட்டும் உண்டு.

இந்த வெளிப்படைத்தன்மை யார் முதுகில் நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். பறையடிக்க, பாடை கட்ட, பிணம் எரிக்க, பத்து ஊர் நடந்து கேதம் சொல்ல ஒரு சில சாதிகளைக் கட்டாயப்படுத்தியே ஊர் தன் சாவை நடத்தியது. அந்த வேலைக்குக் கூலி பெரும்பாலும் தானியமும் இழிசொல்லும். அதை உதறி வெளியேறியவர்கள் செய்தது நியாயம். அந்தப் பறையையே மேடைக்குரிய கலையாக மீட்டெடுத்தது அதைவிடப் பெரிய நியாயம். இதன் மிச்சம் இன்னும் தீரவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, வயல் வழியாகப் போகப் பாதை மறுக்கப்பட்ட தலித் மக்கள், இறந்தவரின் உடலைக் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து பாலாற்றுக்குள் இறக்கினார்கள். தென் மாவட்டங்களில் படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய்க் குளியல் செய்வித்து முடித்துவிடும் தலைக்கூத்தலும் சாவைச் சகஜமாகப் பேசிய அதே ஊர்களில்தான் நடந்தது. ஆகவே பழைய ஊருக்குத் திரும்பலாம் என்று எவர் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன்.

இருந்தும், போனது என்னவென்று பார்க்கத்தான் வேண்டும். முதலில் போனது பழக்கம். நாடு விடுதலையடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. இன்று 70ஐ ஒட்டி நிற்கிறது. தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறு பேருக்கு மேல் முதல் பிறந்தநாளுக்குள் இறந்தார்கள்; 2020இல் அது 13. நம் சமூகம் சாதித்தவற்றில் இதைவிடப் பெருமைக்குரியது வேறில்லை என்பேன். கைக்குழந்தையைப் புதைக்காத தாய்மார்கள் கொண்ட முதல் தலைமுறைகள் இவை. ஆனால் அதன் மறுபக்கமாக, நாற்பது வயதுவரை ஒரு சாவையும் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களும் முதன்முறையாக உருவானார்கள். அவர்கள் முதலில் எதிர்கொள்வது சொந்தத் தாய் அல்லது தந்தையின் சாவை, அதுவும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று.

அடுத்துப் போனது இடம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளருக்கு ஒதுக்கியிருப்பது சிறிது நேரம். சுவாசக் குழாய் செருகியவரால் பேச முடியாது. இறந்த பின் குளிர்பெட்டி வாடகைக்கு வருகிறது, அமரர் ஊர்தி வருகிறது, மின்தகன மேடையில் ஒரு மணி நேர வேலை. பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செய்தவற்றைத் தொலைபேசி எண்கள் செய்கின்றன. அடுக்ககத்து மின்தூக்கியில் பாடை நுழையாது. இவற்றில் எதையும் குற்றம் சொல்லவில்லை. எல்லாமே வசதியைத் தேடி, பல சமயம் வேறு வழியில்லாமல் வந்தவை. ஆனால் கைகளுக்கு வேலை இருந்தபோது வாய்க்கும் சொல் இருந்தது. கோடி போடுவதும் வாய்க்கரிசி இடுவதும் நெய்ப்பந்தம் பிடிப்பதும் யார் என்ன செய்ய வேண்டும், எப்போது அழ வேண்டும், எப்போது எழுந்து போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தன. அந்தப் பழக்கம் தளர்ந்த வீட்டில், தந்தையின் முன் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு என்ன பேசுவது என்றே தெரிவதில்லை. நம் முன்னோரைவிட நாம் அதிகம் பயப்படுகிறோம் என்று நான் நம்பவில்லை. பயம் அவர்களுக்கும் இருந்தது. பயத்தோடு என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எந்த மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் கேட்கக்கூடிய வாக்கியம் ஒன்று: "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." ஸ்கேன் அறிக்கை அவர் கண்ணில் படாமல் பைக்குள் போகிறது. கட்டி என்றோ புண் என்றோ ஒரு பெயர் கண்டுபிடிக்கப்படுகிறது. சொல்கிறவர்களின் மனதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரிகிறது. உடம்பு இளைப்பதும், ஊரிலிருந்து தங்கை திடீரென்று வந்து நிற்பதும், எல்லோரும் அவரை அளவுக்கு மீறிக் கொஞ்சுவதும் எதற்கென்று அறியாதவரா அவர்? பிள்ளைகள் வருந்தக் கூடாதே என்று அவரும் தெரியாததுபோல் இருந்துவிடுகிறார். மனைவி நோயாளி என்றால் இன்னும் மோசம். அவளுக்கு எது நல்லது என்பதைக் கணவரும் மகன்களும் வராந்தாவில் நின்றே தீர்மானித்துவிடுவார்கள். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்ற கேள்விகூடப் பல வீடுகளில் எழுவதில்லை.

இதற்குக் கொடுக்கும் விலை சிறியதல்ல. பேசாமல் இருந்த தம்பியைக் கூப்பிட்டனுப்பும் வாய்ப்பு போகிறது. வீட்டுத் திண்ணையில் சாக விரும்பியவர் குழாய்களுக்கு நடுவே சாகிறார். வேண்டும் வேண்டாம் என்று அவர் சொல்லியிராததால், எதையும் நிறுத்தச் சொல்லப் பிள்ளைகளுக்குத் துணிவு வருவதில்லை. நகையும் நிலமும் வெண்டிலேட்டர் கட்டணமாகப் போகின்றன. பணம் தீர்ந்த நாளில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க என்கிறார்கள். வலிக்கு மருந்தோ பார்த்துக்கொள்ள ஆளோ இல்லாமல் அந்த ஆம்புலன்ஸ் ஊருக்குத் திரும்புகிறது.

பெருந்தொற்று இந்த மௌனத்தை உடைத்திருக்க வேண்டும். 1918இல் பம்பாய் வழியாக நுழைந்த காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நம் இலக்கியத்திலும் நினைவிலும் அதற்கு ஒரு மூலைதான் கிடைத்தது. 2020, 2021இலும் அப்படியே ஆயிற்று. உறையிட்ட உடலைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர். சென்னையில் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்து விரட்டியது ஒரு கூட்டம். அவருடைய சக மருத்துவர் இரவில் தம் கையாலேயே மண்ணள்ளி மூட வேண்டியதாயிற்று. முகம் பார்க்காமல் போன அந்த லட்சக்கணக்கான சாவுகளுக்கு நாம் கூடி அழவே இல்லை. பள்ளிகளைத் திறந்தோம், கடைகளைத் திறந்தோம், பேச்சை மாற்றினோம்.

மௌனம் மனித இயல்பு, மாற்ற முடியாது என்று தோன்றினால் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 1961இல் சிகாகோவின் ஒரு மருத்துவமனையில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். அமெரிக்காவில் வேறொரு மருத்துவமனையில் அதே கேள்வியைக் கேட்டு 1979இல் வெளியான ஆய்வில், 97 விழுக்காட்டினர் சொல்லவே விரும்பினார்கள். இடையில் இருபது ஆண்டுகூட இல்லை. சிகிச்சை முன்னேறியிருந்தது, நோயாளியின் ஒப்புதல் சட்டமாகியிருந்தது, சாகிறவர்களின் பேச்சைக் கேட்கச் சிலர் தொடங்கியிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் லண்டனின் சிசிலி சாண்டர்ஸ். 1948இல் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்த அவர், போலந்திலிருந்து அகதியாக வந்து புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த டேவிட் தஸ்மா என்ற யூதரோடு மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார். தஸ்மா அவருக்கு விட்டுச்சென்றது 500 பவுண்டு. சாண்டர்ஸ் அதன் பிறகு மருத்துவம் படித்து, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்தார். வலி வந்த பின் மார்ஃபின் கொடுப்பதை மாற்றி, வலி தலைகாட்டுமுன் வேளை தவறாமல் கொடுக்கும் முறையை நிலைநாட்டியவர் அவர். வலியில் துடிப்பவரிடம் விடைபெறுவதைப் பற்றிப் பேச முடியாது. மருந்துதான் பேச்சுக்கு வழி திறந்தது.

உலகத்துக்கே மருத்துவ அபின் விளைவித்துக் கொடுத்த இந்தியாவில் 1985இன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மருத்துவமனைகளிலிருந்து ஏறத்தாழ விரட்டிவிட்டது. ஒரு மாத்திரைக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. 2014இல்தான் சட்டம் திருந்தியது. அதற்கும் முன்பே, 1993இல், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவர் தோழர்களும் ஒரு சிறிய வலிநிவாரணச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். அது மலப்புறம் கிராமங்களுக்குப் பரவியபோது வேறொன்றாக வளர்ந்தது. மாணவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், வீட்டுப் பெண்கள் பயிற்சி பெற்று, படுத்த படுக்கையானவர்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். புண்ணைத் துடைத்தார்கள், அருகில் உட்கார்ந்தார்கள், சொல்வதைக் கேட்டார்கள். 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாக ஏற்றது. ஊராட்சிகள் செவிலியரோடு வீட்டுப் பராமரிப்பு நடத்துகின்றன. சாவு வீட்டு வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டாமல் அக்கம்பக்கத்தார் விரும்பிப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு நம் எல்லையை ஒட்டியே கிடைத்த சான்று இது. பழைய ஊரில் இல்லாத ஒன்று.

சட்டமும் இப்போது இடம் கொடுக்கிறது. இனி பயனில்லை என்ற நிலையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முதலில் வகுத்த நடைமுறை யாரும் நிறைவேற்ற முடியாதபடி சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியும் போதும். கர்நாடகம் 2025 ஜனவரியில் இதை மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் வீட்டில் பேசாதவர் இந்தத் தாளை எழுத மாட்டார். எழுதி அலமாரியில் பூட்டிவைத்தாலும், அவசரத்தில் முடிவெடுக்கும் மகளுக்கு அது தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. எண்ணிக்கை காட்ட மாத்திரைப் பட்டைகளே போதும் என்பதால் இரண்டாவது வேலை பின்னுக்குப் போய்விடும் ஆபத்து எப்போதும் உண்டு. அந்தச் செவிலியருக்கு ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார அவகாசம் தர வேண்டும். வட்டார மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மார்ஃபின் இருப்பும், அதை எழுதித்தரத் தெரிந்த மருத்துவர் ஒருவரும் இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் 2019 முதல் நோயாளியோடு பேசும் முறையும் பாடமாகியிருக்கிறது. அதைத் தமிழில், "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்று கும்பிடும் மகனையும் மகளையும் முன்னால் வைத்துக்கொண்டே பயிற்றுவிக்க வேண்டும். அந்த மகனை அதட்டுவது எளிது. முதலில் அவரை உட்காரவைத்து, அப்பாவுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து கட்டிலருகே போய் அப்பாவிடமே கேட்க வேண்டும்: உடம்புக்கு என்ன என்று சொல்லட்டுமா, எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், இனி எங்கே இருக்க ஆசை, யாரைப் பார்க்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொண்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி போய்க் கேட்க வேண்டும்.